பூஜ்யம் காட்டிய விஷம்

டெலிபோன் அலறியது!

கலூபா இடது கையால் எடுத்தாள். வலது கையில் ஒரு குப்பி. அதில் ஒருவரைக் கொன்ற முங்கோயோ பானம்!

"இன்ஸ்பெக்டர் சியாமே பேசறேன். ரெண்டு மணிக்கு உங்க அண்ணனைக் கோர்ட்ல நிறுத்தறோம். மெஷின் என்ன சொல்லுது?"

"பூஜ்யம் சார்!"

"அப்ப விஷம் இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியல சார்..."

"விளையாடறியாம்மா? நேர்லயே வரேன்."

டொக்!

போன செவ்வாய்க்கிழமை. கிட்வேயில் இருக்கும் இந்த நீர் ஆய்வகத்தின் பழைய அறிக்கைகளைச் சரிபார்க்கத் தலைநகர் லுசாகாவிலிருந்து வந்தார் தணிக்கை அதிகாரி லுபாசி. மதியம் நிஷிமா என்ற சோளக் களி சாப்பிட்டார். ஒரு டம்ளர் முங்கோயோ குடித்தார். நாற்காலியோடு சாய்ந்தார்.

முங்கோயோ வாங்கி வந்தது ஆய்வக டிரைவர் புபே. கலூபாவின் அண்ணன்!

'முங்கோயோவில் ஆர்செனிக்' என்று மறுநாளே அறிக்கை கொடுத்தார் தலைமை ஆய்வாளர் கசோண்டே. புபே உள்ளே போனான்.

மிச்ச முங்கோயோவை மறுபடி சோதிக்கணும் என்று புபேயின் வக்கீல் ஒற்றைக் காலில் நின்றார். கசோண்டே சிரித்துக்கொண்டே குப்பியைக் கலூபாவிடம் நீட்டினார். அவள் வேலை கற்றுக்கொள்ள வந்து மூன்று வாரம்தான் ஆகிறது!

காலையிலிருந்து பதினோரு தடவை பார்த்துவிட்டாள். கண்ணாடிச் சாமான்களை அமிலத்தில் ஊறப்போட்டாள். கழுவினாள். மறுபடி கழுவினாள். மெஷினின் மெல்லிய குழாய் முங்கோயோவை உறிஞ்சியது. தீ நாக்கு நீலமாய் எரிந்தது.

பூஜ்யம்!

"சே! எழவெடுத்த மெஷின்!"

"மெஷினைத் திட்டாத பொண்ணே..." கசோண்டே கதவில் சாய்ந்து நின்றார். "உன் கை லட்சணம் அப்படி. இதே மெஷின்ல நான் பார்த்தேன். டக்குனு காட்டிச்சு."

"எனக்கு மட்டும் ஏன் சார் காட்ட மாட்டேங்குது?"

"கத்துக்க வந்த முதல் வாரமே சொன்னேன். பேசாம கல்யாணம் பண்ணிட்டுப் போ."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கலூபாவுக்கு அழுகை முட்டியது. கழுவிக் கழுவி விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்!

கடைசி முயற்சி. ஆர்செனிக் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி ஒட்டிய பாட்டிலை எடுத்தாள். மெஷினைச் சரிபார்க்கவே வாங்கி வைத்த கரைசல். குழாயை அதில் விட்டாள்.

பூஜ்யம்!

"அடப்பாவி... விஷத்தையே ஊத்தறேன், பூஜ்யமா?"

ஆத்திரத்தில் மெஷினின் மூடியைத் திறந்தாள். உள்ளே விளக்கு. அதன் கழுத்தில் ஒரு சின்ன எழுத்து...

தாமிரம்!

ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி விளக்கு. தாமிர விளக்குக்கு ஆர்செனிக் கண்ணிலேயே படாது. சுற்றிலும் தாமிரச் சுரங்கம். ஓடைத் தண்ணீரானாலும் கிணற்று மண்ணானாலும் இங்கே எல்லாரும் பார்ப்பது தாமிரம் மட்டுமே. விளக்கை மாற்றும் பழக்கமே யாருக்கும் கிடையாது!

அலமாரியைக் குடைந்தாள். ஆர்செனிக் விளக்குப் பெட்டி கிடைத்தது... கம்பெனி ஒட்டிய சீல்கூடப் பிரிக்காமல்!

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னாலேயே கசோண்டே.

"சார்! ஆர்செனிக் விளக்கு சீல்கூடப் பிரிக்கல! இவர் சோதிக்கவே இல்ல! அறிக்கை பூரா பொய்! எங்க அண்ணனை விட்டுடுங்க!" பெட்டியை நீட்டிப் படபடவென்று சொல்லி முடித்தாள்.

சியாமே பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"பிரேதப் பரிசோதனை முடிவும்மா. லுசாகாவுலேர்ந்து இப்பத்தான் வந்துச்சு. நானே வழியிலதான் பிரிச்சேன். லுபாசி வயித்துல ஆர்செனிக்!"

கலூபா பெட்டியை இறக்கினாள். அண்ணன் கதை முடிந்ததா?

"நான் சொன்னது சரியாப் போச்சா?" கசோண்டே மார்பு நிமிர்ந்தது.

கலூபா மெதுவாகத் தலை நிமிர்த்தினாள்.

"சார்... அது ஆர்செனிக்னு லுசாகாவுக்கே இன்னிக்குத்தான் தெரியும்?"

"ஆமா."

"இந்த மெஷினுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இவருக்கு மட்டும் போன புதன்கிழமையே எப்படித் தெரிஞ்சுது?"

சியாமே கசோண்டே பக்கம் திரும்பினார்.

கசோண்டேயின் நெற்றியில் வியர்வை. "அது... அது வந்து... ஒரு யூகம்..."

"யூகத்துல கிராம் கணக்கு வரைக்கும் எழுதியிருக்கீங்களே சார்!" கலூபா கத்தினாள். "லுபாசி பழைய அறிக்கைகளைத் தோண்டினா, சோதிக்காமலே எழுதினதெல்லாம் வெளிய வந்துடும். அதான் அவர் டம்ளர்ல கலந்துட்டு, எங்க அண்ணன் தலையில கட்டிட்டீங்க!"

கசோண்டே கதவுப் பக்கம் பாய்ந்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அப்படியே அள்ளிக்கொண்டார்.

விலங்கு பூட்டிக்கொண்டே சொன்னார் சியாமே.

"லாக்கப்புல வெளிச்சம் கம்மி சார். ஆனா உங்களுக்கென்ன... விளக்கே இல்லாம எல்லாம் தெரியுமே!"