ஏகாதசியில் ஒரு டோஸ்

"ஏன்னா...! ஐயோ, ஏன்னா...!"

சுபாஷிணியின் அலறலில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸே அதிர்ந்தது.

சோபாவில் அவள் கணவன் சேஷு. கழுத்து வரை போர்வை. அசைவே இல்லை!

கீழ்வீட்டு இன்ஸ்பெக்டர் கனிமொழி படிகளில் தாவி வந்தாள். மணிக்கட்டைத் தொட்டாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"சுகர் பேஷன்ட், மேடம்!" முந்திக்கொண்டான் அர்விந்த். சேஷுவோடு பூசா ரோடு ஸ்கூலில் படித்த உயிர் நண்பன். போன வாரம் இன்சுலின் பம்ப் வாங்கித் தந்து, சேஷுவின் இடுப்பில் மாட்டிவிட்டவனும் இவன்தான்.

"சாப்பாட்டை போட்டோ எடுத்து அனுப்பினா போதும். ஏஐ பாத்துட்டு தானே மருந்தை ஏத்தும். இன்னிக்கு ஓவரா ஏத்திடுச்சு... நம்ப வச்சு தோக்கா குடுத்துடுச்சு, மேடம்!"

கனிமொழி சேஷுவின் செல்லைத் திருப்பிக் காட்டினாள். மதியம் போன போட்டோ. தட்டு நிறைய சாதம், சாம்பார்!

"இதை நிஜமாவே சாப்பிட்டாரா?"

"அரே, நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்! சாதம் மறுபடி கேட்டு வாங்கினான்."

"அப்படியா...? இன்னிக்கு ஏகாதசி. இந்த வீட்ல அடுப்பே பத்த வைக்கலையே!"

அர்விந்துக்கு வியர்த்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு ஏகாதசியெல்லாம் காலண்டரோடு சரி.

"வெறும் வயித்துக்கு முழு டோஸ்! பழைய போட்டோவைக் காட்டி மெஷினை ஏமாத்தியிருக்கே."

போர்வை விலகியது.

சேஷு எழுந்து உட்கார்ந்தான்!

"பூஜைல உக்காந்தப்பறம்தான்டா உறைச்சது... பம்ப் இருக்கிற பை தோல், பூஜைக்கு ஆகாதேன்னு. கழட்டி வச்சுட்டேன். நீ ஏத்தின மருந்தெல்லாம் தரையில!" அவன் குரல் உடைந்தது. "வெளிய வந்து செல்லைப் பாத்தா, நான் சாப்ட்டதா மெசேஜ். மேடத்துக்கு போன் பண்ணிட்டு, செத்த மாதிரி படுத்துண்டேன். ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்ட்டோமேடா... பாவி!"

"ஒண்ணுதான் இடிக்குது," என்றாள் கனிமொழி. "இந்த செல் ரெண்டு பேர் விரலுக்குத்தான் திறக்கும். அதுல அர்விந்த் இல்ல."

அர்விந்தின் பார்வை மெல்ல நகர்ந்து... சுபாஷிணியிடம் போய் நின்றது!

அவள் அழுகை சட்டென்று நின்றது. நேராகப் போய் அர்விந்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேஷுவுக்கு மனசே விட்டுப்போயிற்று.

பிறகு கனிமொழியிடம் திரும்பிக் கேட்டான்.

"அப்போ நாளைக்கு துவாதசிக்கு அகத்திக்கீரை யார் மேடம் சமைப்பா?"