சில்லாம்பள்ளத்து வெள்ளக்கல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கன்னிமார் ஏழு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, ஏழு முறை சூடம் அடித்துச் சொல்லவும் தடையில்லை.

ஐப்பசி மாதம், விடிந்து சற்று நேரம். பாலக்காட்டுக்குக் கிழக்கே சில்லாம்பதி ஊரில் வெள்ளக்கல்லைக் காணோம்.

ஓடையைப் பள்ளம் என்று சொல்கிற பக்கம் அது. சில்லாம்பள்ளத்தின் கரையில், கன்னிமார் கோயில் முன்னால், நூறு வருஷமாக ஆள் உயரத்துக்கு நின்ற கருங்கல். பெரிய வெள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீர் ஏறிய மட்டத்தில் அதில் ஒரு கோடு வெட்டிவிடுவார்கள். உச்சிக் கோடு, மலையாள வருஷக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-இல் வந்த, ஊர் வாயில் 'தொண்ணூத்தொம்பது' வெள்ளம். அன்று ஒரு கல்யாணப் பந்தல் மாப்பிள்ளையோடு மிதந்து போய், முகூர்த்தம் தப்பாமல் அடுத்த ஊர்ப் பெண்ணுக்குத் தாலி கட்ட வைத்தது. அதற்குக் கீழே இரண்டாயிரத்துப் பதினெட்டு. அந்த வெள்ளத்தில் வைக்கோல் போர் மேல் ஏறிப் போன எருமை, போரைத் தின்று தீர்த்த இடத்தில் இறங்கி நடந்தே வீடு திரும்பியது.

எஸ்.ஐ. யோகப்பிரியா ஜீப்பை விட்டு இறங்கினார். அவர் தொட்ட வழக்கு எதுவும் இரண்டாவது டீயைத் தாண்டியதில்லை. இதுவும் தாண்டாது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

விஷயம் சாதாரணமில்லை. மறுநாள் சர்க்கார் என்ஜினீயர் அளவெடுக்க வருகிறார். உச்சிக் கோட்டுக்குக் கீழே வாசற்படி இருக்கிற வீட்டை இடித்துவிட்டு, குடியிருப்பவரைத் தொலைவில் உள்ள புதுக் காலனிக்கு அனுப்ப உத்தரவு. அப்படி மாட்டியது ஒரே வீடு. பொங்கியண்ணன் போன தை மாதம் குடிபுகுந்த மாடி வீடு.

"வேற யாருங்க அம்மணி? இந்த மனுசந்தானுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள் காளியாத்தாள். கன்னிமாருக்கு விளக்கு வைப்பவள். மேட்டின் உச்சியில் தனியாகக் குடியிருப்பவள். பொங்கியண்ணன் அவளுக்கு மாமன் மகன். பதினெட்டு வெள்ளத்தன்று மேய இறங்கிய அவள் கோழி திரும்பவில்லை. வெள்ளம் கொண்டுபோனது என்பது பொங்கியண்ணன் கட்சி. குழம்பு கொண்டுபோனது என்பது காளியாத்தாள் கட்சி. அன்று முதல் பொழுது சாய்ந்தால் இருவருக்கும் சண்டை.

யோகப்பிரியா பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி எங்கே இருந்தீங்க?"

"ஊட்லதானுங்க."

"சாட்சி?"

"நானேதானுங்க. அந்தக் கல்ல அசைக்கோணும்னா எட்டு ஆள் வேணுங்க. எங்கூட எட்டுப் பேரு பேசுனாத்தானுங்களே?"

"கல்லு போனா லாபம் உங்களுக்குத்தானே?"

"மழை பேஞ்சா தவளைக்குந்தானுங்க லாபம். தவளையவா புடிச்சு ஜீப்புல ஏத்துவீங்க?"

ஹெட் கான்ஸ்டபிள் சூசையப்பன் தவளையை விட்டுவிட்டுப் பொங்கியண்ணனை ஏற்றினார். பிறகு கரையைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், நேத்துப் பெய்ஞ்ச மழையில தரை சேறு. வண்டித் தடம் இல்லை, இழுத்த தடம் இல்லை, எட்டு ஆளு மிதிச்ச தடமும் இல்லை. கல்லு பறந்துதான் போயிருக்கணும்."

யோகப்பிரியா கல் நின்ற இடத்தைப் பார்த்தார். பச்சைச் சாணம் வழவழவென்று மெழுகிக் கிடந்தது.

"தெனமும் மொழுவறதுதானுங்க, சாமி எடமாச்சே," என்றாள் காளியாத்தாள். "மேட்டுக்கு வாங்க அம்மணி, ஒரு டீ குடிச்சுப்போட்டு அவன உள்ள தள்ளலாம்."

காலை பதினோரு மணி. காளியாத்தாள் வீட்டு வாசல். முதல் டீ முடிந்தது.

"தொண்ணூத்தொம்பதுலயே எங்க மேட்டுக்குத் தண்ணி ஏறுலீங்க," என்று பெருமை பேசிக்கொண்டே அவள் அடுத்த டீ போட உள்ளே போனாள். "ஊரே இங்கதானுங்க வந்து நின்னுது. ஒரு சொட்டு ஏறோணுமே!"

யோகப்பிரியா எழுந்து கத்தரிப் பாத்தி ஓரமாக நடந்தார். மேடு முழுக்கச் செம்மண். பாத்தியில் மட்டும் கறுப்பாக, மாவு போல மெத்தென்று இருந்தது. பூட்ஸுக்கு அடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து எடுத்தார். வெள்ளை வெளேரென்று குட்டி நத்தை ஓடுகள்.

இரண்டாவது டீ வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"சூசையப்பன், பொங்கியண்ணனை இறக்கி விடுங்க. கல்லு திருடு போகலை. நின்ன இடத்திலேயே நிக்குது. மண்ணுக்குள்ளே."

சூசையப்பன் வாய் பிளந்தார்.

"அடியிலே பறிக்கப் பறிக்க அதுவாவே இறங்கிரும். அதுக்கு எட்டு ஆளு வேண்டாம், ஒரு மம்பட்டி போதும். மேலே மூடிச் சாணம் மெழுகினா முடிஞ்சுது. ஆனா கல்லு இறங்கின அளவுக்கு மண்ணு மிஞ்சுமே, அது எங்கே?" கையை விரித்து நத்தை ஓடுகளைக் காட்டினார். "தண்ணியே ஏறாத மேட்டுக்கு வெள்ளத்து வண்டல் எப்படீங்க அக்கா ஏறுச்சு? பள்ளத்துல கொட்டியிருந்தீங்கன்னா நான் தோத்திருப்பேன்."

காளியாத்தாள் குனிந்து, சாய்ந்த கத்தரிச் செடி ஒன்றுக்கு மண் அணைத்தாள்.

"நல்ல வண்டலுங்க அம்மணி. கொட்டறதுக்கு மனசு வர்லீங்க."

"அப்புறம் எதுக்கு அவர் மேலே பழி போட்டீங்க?"

"தெனமும் போடறதுதானுங்களே! இன்னைக்கு மட்டும் கம்முனு இருந்தா ஊருக்குச் சந்தேகம் வந்திருமுங்க."

"அவர் வீட்டைக் காப்பாத்தவா இவ்வளவும்?"

"வீடு கெடக்குதுங்க. அந்த மனுசன அத்தாந்தொலவு கொண்டுபோய் வெச்சுப்போட்டா, பொழுது உழுந்தா நான் யாருகூடங்க சண்டை புடிக்கறது? இங்க இருக்கறது நானும் ஏழு கன்னிமாருந்தான். அவங்க திருப்பிப் பேச மாட்டாங்க."

யோகப்பிரியா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். நின்ற இடத்திலேயே நிற்கிற கல்லுக்கு என்ன வழக்கு? எந்தப் பிரிவிலும் இடமில்லை. ஜீப் கிளம்பியது.

மறுநாள் என்ஜினீயர் வந்தார். கல்லைக் கேட்டார், காட்டினார்கள். சாணத்தைச் சுரண்டி அளந்ததில் உச்சிக் கோடு தரைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பொங்கியண்ணன் வாசற்படி அதைவிட எவ்வளவோ உயரம். வீட்டுக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாய்ந்ததும் பொங்கியண்ணன் மேடேறி வந்தார்.

"போலீஸ் முன்னால என்னையத் திருடன்னு சொல்லிப்போட்டே?"

"கோழி தின்ன வாயிதானே அது!" என்றாள் காளியாத்தாள், முகமெல்லாம் பூரிக்க.

விளக்கு வைக்கும் நேரம் கடந்தும் சத்தம் ஓயவில்லை.

என்ஜினீயர் அளந்த கணக்குப்படி, பதினெட்டு வெள்ளத்தன்று சில்லாம்பள்ளத்தில் அந்தக் கோழி, முட்டி நனையாமல், நடந்தே அக்கரை போயிருக்கிறது.