விடுபட்ட சனிக்கிழமை

ஃபோன் அலறியது!

அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் நகரம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கலாவதி தோசைக் கரண்டியும் கையுமாக எடுத்தாள்.

"கலா... கிரீஷ் செத்துட்டான்!" மறுமுனையில் மானஸா. "அவன் எடிட்டிங் ரூம்ல... யாரோ கேமரா ட்ரைபாடால மண்டையில அடிச்சிருக்காங்க! நேத்து மத்தியானமாம். இப்பதான் போலீஸ் எங்க வீட்லேர்ந்து போச்சு!"

கலாவதிக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. அடுப்பில் தோசை தீய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கிரீஷ்... சினிமா எடுக்கிறேன் என்று வந்தவன். கலாவதியின் கணவன் நஞ்சுண்டன், மானஸா, இன்னும் இரண்டு ஐ.டி. புண்ணியவான்கள், ஆக நான்கு பேர் அவனோடு பார்ட்னர் ஆனார்கள். கலை ஆர்வம் என்று நினைத்தீர்களானால் உங்களைப் போல் அப்பாவி யாருமில்லை. படத்தில் போட்டதை வரியில் கழித்துக்கொள்ளலாம்... அந்த ஆர்வம்தான்!

வரி இலாகா சும்மா விடுமா? பணம் போட்டீர்கள், சரி, வேலை பார்த்தீர்களா என்று கேட்டது. வருஷத்துக்கு ஐந்நூறு மணி நேரம் படத்துக்காக உழைத்தவருக்குத்தான் சலுகை.

நால்வரில் ஒருவரும் எடிட்டிங் ரூம் வாசலை மிதித்ததில்லை. அதனால் என்ன? எந்த நாள், எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று பொய்யாக டைம்ஷீட் தயாரித்தார்கள்.

"நாளைக்கு டேக்ஸ் ஆபீசர்கிட்ட உண்மைய சொல்லிடுவேன்னு நம்ம எல்லாரையும் மிரட்டினான் இல்ல..." என்றாள் மானஸா. "போலீஸுக்கு நம்ம நாலு பேர் மேலயும் சந்தேகம்!"

காலிங் பெல் அடித்தது.

போலீஸ் டிடெக்டிவ் மகிழன். டெக்சாஸிலேயே, ரவுண்ட் ராக்கில் பிறந்து வளர்ந்தவன். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"காப்பி குடிக்கிறீங்களா தம்பி?"

"நோ தேங்க்ஸ் ஆன்ட்டி."

சோபாவில் நஞ்சுண்டன். அணைந்திருந்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகிழன் அவன் முன்னால் நான்கு தாள்களைப் பரப்பினான்.

"கிரீஷ் லேப்டாப்ல இருந்த டைம்ஷீட்ஸ். மூணு பேர் ஷீட்ல, சனிக்கிழமை பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் கிரீஷோட எடிட்டிங்னு இருக்கு. மர்டர் டைம்ல அங்கதான் இருந்தோம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க!"

"அய்யோ...!" என்றாள் கலாவதி.

"கேட்டா ஒரே அழுகை. 'எல்லாம் பொய், படத்துக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்கலை'ன்னு. செக் பண்ணிட்டேன். டான்ஸ் கிளாஸ், பர்த்டே பார்ட்டி, கிரிக்கெட் மேட்ச்... மூணு பேருமே வேற எங்கயோ இருந்திருக்காங்க."

கலாவதிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். இந்த வீட்டிலிருந்து நஞ்சுண்டனை யாரும் அழைத்துப்போகக் கூடாது. பதினோரு வருஷம் காத்திருந்த கிரீன் கார்டு இதோ வரப்போகிறது.

நான்காவது தாளைப் பார்த்தாள். மூச்சு வந்தது.

"இவரு ஷீட்ல சனிக்கிழமையே இல்லைங்களே தம்பி! நான்தானுங்க டைப் பண்ணேன். வாட்ஸ்அப்ல வந்த ஒரே ஷீட்டை நாலு பேரும் காப்பி பண்ணோம். இவரு மட்டும்தான் 'சனிக்கிழமைய எடுத்துரு'ன்னு சொன்னாருங்க. அவ்வளவு நேர்மை!"

"கலா... பேசாம இரு," என்றான் நஞ்சுண்டன்.

மகிழன் நிமிர்ந்தான்.

"எப்ப சொன்னார் ஆன்ட்டி?"

"வியாழக்கிழமைங்க. அன்னிக்கே நாலு பேரும் கிரீஷுக்கு மெயில் பண்ணிட்டோம்."

"சனிக்கிழமை வேலைய வியாழக்கிழமையே எழுதுவீங்களா?"

"ஐ.டி.காரங்க தம்பி! வாரம் முடியறதுக்கு முன்னாடியே டைம்ஷீட் போட்டே பழகிட்டோம்."

மகிழன் சிரிக்கவில்லை.

"திங்கள், செவ்வாய், புதன்... எல்லாப் பொய்யும் அப்படியே இருக்கு. எடுத்தது சனிக்கிழமைய மட்டும். அன்னிக்கு அந்த ரூம்ல தன் பேர் இருக்கக் கூடாதுன்னு வியாழக்கிழமையே யாருக்கு ஆன்ட்டி தெரியும்?"

மகிழன் நஞ்சுண்டன் பக்கம் திரும்பினான்.

"சனிக்கிழமை எங்க இருந்தீங்க அங்கிள்?"

"பேர்லேண்ட்... மீனாட்சி கோயிலுக்கு..."

"நாலு மணி நேர டிரைவ். ஆனா உங்க கார் டோல் டேக், பதினொண்ணே காலுக்கு எடிட்டிங் ரூம் பக்கத்து எக்ஸிட்ல இறங்கியிருக்கே!"

நஞ்சுண்டன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

"கெஞ்சினேன் கலா... கேக்கல. அவன் வாயைத் திறந்தா கிரீன் கார்டு போயிருமில்ல..."

கலாவதிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. காப்பாற்றப் போய் தானே பிடித்துக்கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் மெல்லப் புரிந்தது. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

"எழுதின மூணு பேரும் அங்க போகல... போன நீங்க எழுதல!" என்ற மகிழன், ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"இனிமே டைம்ஷீட் கவலையே வேண்டாம் அங்கிள். நீங்க உள்ள இருக்கற ஒவ்வொரு மணி நேரத்தையும் கவர்ன்மென்ட்டே கரெக்டா எழுதிக்கும்!"