கர்போலா வீட்டுப் பேனா

காலை 8.05. எழுத்தாளர் எவாசியோ கர்போலா வாழ்ந்து மறைந்த வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்த பினூச்சா, துடைப்பத்தைக் கீழே போட்டாள். மேசைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. எழுத்தாளரின் பேனாவைக் காணவில்லை.

காலை 8.20. ஊர்க் காவல் நிலையத் தலைவர் மார்ஷல் எர்சீலியா பெட்டியைக் குனிந்து பார்த்தார். பூட்டு உடையவில்லை. உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணியில் கட்டைவிரல் அகலத்தில் ஓர் ஊதாக் கறை. பேனாவுக்குப் பக்கத்தில் இருந்த தங்கக் கைக்கடிகாரம் அப்படியே இருந்தது.

"சாவி எங்க இருக்கும்?"

"கதவுக்குப் பின்னாடி ஆணியில. ஊருக்கே தெரியும் மார்ஷலம்மா."

"கடைசியா யார் வந்தது?"

"நேத்து சாயங்காலம் ஸ்டோயன். நம்ம மேயர் தோட்டத்துல திராட்சை வெட்ற மாசிடோனியாக்காரன். பெட்டி முன்னாடியே அரை மணி நேரம் நின்னான். இன்னைக்குப் பார்த்தா இப்படி நடக்கணும்? மாமா பேர்ல பரிசு விழா. மாமாவுக்கு அந்தப் பேனாவ வாங்கிக் கொடுத்த தோழி லெயோனில்தேயே வராங்களாம். நேத்து ராத்திரிதான் மேயருக்குப் போன் வந்துச்சாம். எனக்கே இப்பதான் சொன்னார்."

மேயர் அமெதேயோ வாசலில் நின்றிருந்தார். அவர் கர்போலாவின் தங்கை மகன் என்பதால் ஊரே அந்த எழுத்தாளரை மாமா என்றுதான் சொல்லும். எர்சீலியாவும் அவரும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"இதுல துப்பறிய என்ன இருக்கு எர்சீலியா?" என்றார் மேயர். "திராட்சைக் கறை. வெட்டினவன் கை. ஆனா கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம். கூலிய கொடுத்து மத்தியான பஸ்ல ஏத்தி விட்டுடறேன். பாவம், பிழைக்க வந்தவன்."

அந்தப் பெருந்தன்மை மார்ஷலுக்குப் பிடித்துப்போயிற்று.

காலை 8.45. சதுக்கத்தில், தேவாலயப் படிக்கட்டில் ஸ்டோயனின் பையைக் கொட்டச் சொன்னார் எர்சீலியா. ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்திய ஊர் முழுவதும் காப்பிக் கோப்பையோடு வேடிக்கை பார்த்தது.

"அங்க எதுக்குப் போன?"

"அவரோட போட்டோவப் பார்க்க. அவர் கதை எங்க மொழில வந்திருக்கு. எங்க அப்பா வாசிச்சுக் காட்டுவார்."

"வாசிப்பாராம்," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

இரண்டு சட்டைகள். ஒரு பனியன். காலுறைக்குள் சுற்றி வைத்த சிறிய புனிதர் படம். பேனா இல்லை.

"எங்கயாவது ஒளிச்சிருப்பான்," என்றார் மேயர்.

ஸ்டோயன் தலையை நிமிர்த்தினான். மேலே, மூன்றாவது வீட்டு ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவன் மனைவி ரட்கா அந்த வீட்டில் இருந்தாள். இரண்டு வருடம் பிரிந்திருந்தவர்கள் இந்த அறுவடையில்தான் ஒரே ஊரில் சேர்ந்திருந்தார்கள். இன்று அவன் பஸ் ஏறினால், திருடன் பெண்டாட்டி என்ற பெயரோடு அவள் அந்த ஜன்னலுக்குப் பின்னால் தனியே இருக்க வேண்டும்.

அவன் முழங்காலில் அமர்ந்து துணிகளைப் பொறுக்கினான். உதவிக்கு ஒருவரும் குனியவில்லை. எர்சீலியாவும்தான்.

காலை 11.05. தேவாலயத்தில், ஞாயிறு திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம். எர்சீலியாவுக்கு முன்வரிசையில் இருந்த மேயர் திரும்பிக் கை நீட்டினார்.

"சமாதானம் உன்னோட இருக்கட்டும்."

எர்சீலியா அந்தக் கையைப் பிடித்தார். விடவில்லை. நகக்கண்களில் ஊதா. விரல் ரேகைகளில் ஊதா. எந்த சோப்புக்கும் போகாத நிறம். தன் அப்பாவின் கையும் செப்டம்பர் முழுக்க இப்படித்தான் இருக்கும். ஒயினுக்கான கறுப்புத் திராட்சை தொட்டியில் பொங்கும்போது மேலே மிதக்கும் தோலை நாள் தவறாமல் அமிழ்த்துகிறவரின் கை அது.

காலையில் துணி பொறுக்கிய கைகள் அவர் கண்முன் வந்தன. கத்திரிக்கோல் கிழித்த கீறல்கள். பழுப்பான பிசுக்கு. ஊதா ஒரு பொட்டுகூட இல்லை.

எப்படி இருக்கும்? கறுப்புத் திராட்சை முன்பே தொட்டிக்குப் போய்விட்டது; இந்த வாரம் முழுக்க வெட்டியது வெள்ளைத் திராட்சை. மஞ்சள் கொத்துகள் நிரம்பிய டிராக்டர்கள் தினமும் மாலையில் காவல் நிலைய வாசலைத் தாண்டித்தான் போயின.

முகம் பற்றி எரிந்தது. திருவிருந்து வாங்க எல்லோரும் எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

காலை 11.35. மேயரின் நிலவறை. புளித்த வாசனை.

"கறுப்புத் திராட்சைத் தொட்டிய யார் பார்த்துக்கறா?"

"நான்தான். வேற யார் கைலயும் கொடுக்க மாட்டேன். ஏன்?"

"அப்ப பேனாவக் கொடு அமெதேயோ."

மேயர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"திருடன் தங்கத்த விட்டுட்டுப் பேனாவ எடுப்பானா? அது யாரோ ஒருத்தர் கண்ணுல படக்கூடாதுன்னு நினைச்சவன்தான் எடுப்பான். அந்த அம்மா வர்ற சேதி ராத்திரி உனக்கு மட்டும்தான் தெரியும். அவங்க பார்த்தா என்ன ஆகும்?"

மேயர் மேல்சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மாமா பேனா எப்பவோ தொலைஞ்சு போச்சு. இது ஆஸ்தி டவுன் சந்தைல வாங்கினது. பன்னெண்டு வருஷமா இதப் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸா ஜனம் வருது. அவங்க பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாங்க. ஊர் மானம் போயிடும்னு எடுத்துட்டேன்."

"ஊர் மானத்துக்கு அவன் மானமா?"

"அவன் பேர நான் நினைக்கவே இல்ல. கறையப் பார்த்ததும் வாய்ல வந்துடுச்சு. நீங்க யாராவது மறுப்பீங்கன்னு இருந்தேன். ஒருத்தரும் மறுக்கல."

எர்சீலியா பீப்பாயில் சாய்ந்தார். அதுதான் உண்மை. அந்தச் சதுக்கத்தில் நின்ற அத்தனை பேரும் திராட்சைத் தொட்டிகளுக்கு நடுவில் பிறந்தவர்கள். எந்தக் கை எந்த வேலையில் கறைபடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளியூர்க்காரன் ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், தெரிந்ததை யாரும் நினைக்கவில்லை.

"வா. உன் பங்க நீ சொல்லு. என் பங்க நான் சொல்றேன்."

காலை 11.55. சதுக்கத்து பஸ் நிறுத்தத்தில் ஸ்டோயன் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மார்ஷலைக் கண்டதும் எழுந்து, பையின் வாயைத் தானாகவே திறக்கப் போனான்.

"வேண்டாம் ஐயா," என்றார் எர்சீலியா. காலையில் அவனை 'நீ' என்று அழைத்த வாய். "நீங்க எடுக்கல. எடுத்தவர் இதோ நிக்கிறார். நான் பண்ணினது தப்பு."

"என்கிட்ட மெதுவா சொல்றீங்க," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "காலைல சத்தமா கேட்டீங்க. என் பொண்டாட்டி மேல ஜன்னல்லதான் நிக்கிறா."

எர்சீலியா தொப்பியைக் கழற்றினார். பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு தேவாலயப் படிக்கட்டில், அதே படியில் ஏறி நின்றார். மேயர் ஒரு படி கீழே நின்றார். காப்பிக் கடையில் பேச்சு நின்றது. ஜன்னலில் ரட்காவின் முகம் தெரிந்தது.

"காலைல இந்த இடத்துல ஒரு குற்றமில்லாத மனுஷனோட பைய நான் கொட்ட வெச்சேன்..."

அப்போது நண்பகல் மணி அடிக்கத் தொடங்கியது. சதுக்கம் அதிர்ந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார்கள். சிலர் இதுதான் சமயமென்று வீட்டுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்கள். எர்சீலியா அவர்களைப் பார்த்தபடியே நின்றார். அந்தக் கால்கள் நின்றன.

கடைசி மணியின் ரீங்காரமும் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, முதலிலிருந்து சொன்னார்.