மத்தியானத்தில் காணாமல் போன இரண்டு ஜிபி

மாபெரும் திருட்டுகள் நாகரிகங்களின் தலையெழுத்தையே மாற்றியிருக்கின்றன. மணிமுடிகள் களவுபோனதால் அரச வம்சங்கள் மண்ணோடு மண்ணாயின. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், 'துறைமுகச் செம்மல்' செங்குட்டுவன் வீட்டில் களவு போனது இரண்டு ஜிபி டேட்டா.

புதன்கிழமை, மாலை 7.04.

செங்குட்டுவன் கூடத்தில் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெரிய புத்தக அலமாரி. உண்மையில் அது அலமாரி அச்சடித்த ஃப்ளெக்ஸ். தலைப்பு: 'பெற்றோரைப் பேணுவோம்'.

"தந்தை என்பவர் யார்? அவர்..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. முகத்தின் நடுவே வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரில் மூன்று பேர் உடனே போனார்கள். மற்ற மூன்று பேர் வட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது புதன்கிழமையாக இப்படி. வீட்டுக்கென்று வாங்கிய நெட் பாக்ஸில் நாளுக்கு இரண்டு ஜிபி. காலையில் முழுதாக இருக்கிறது. மாலையில் அவர் ஆபீசிலிருந்து வரும்போது ஏதோ துளிதான் மிச்சம்.

7.20-க்குள் செங்குட்டுவன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

வியாழக்கிழமை, காலை 8.25.

"கௌசர், மாலை ஆறு மணி வரை உனக்கு அவகாசம். உண்மையை ஒப்புக்கொள். இல்லையேல் நாளை முதல் வர வேண்டாம். ஏன் வர வேண்டாம் என்பதை இந்தத் தெருவுக்கே நான் எடுத்துரைப்பேன்."

படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவருடைய அப்பா வேலப்பனைப் பகலில் பார்த்துக்கொள்பவள் கௌசர். ஒன்பது மணிக்கு வருவாள், ஒரு மணிக்குப் போவாள். அன்று அரை மணி முன்னாலேயே வந்திருந்தாள். அதுவும் சந்தேகத்துக்குரியதாக அவருக்குப் பட்டது.

பகல் 1.20.

மார்க்கெட் முனையில் சில்வியாவின் ரீசார்ஜ் கடை. போன் ரிப்பேர், டிவிக்கு நெட் போட்டுக் கொடுப்பது, எல்லாம் அவளே. செங்குட்டுவன் வீட்டு நெட் பாக்ஸும் அவள் விற்றதுதான். கௌசர் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உன் போனக் காட்டு."

கௌசர் காட்டினாள். பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்டு.

"இதுல நெட்டே வராதே. இத்த அந்தாளு பாத்தாரா?"

"பாத்தாரு. வேற போன மறைச்சி வச்சினுகீறேன்னு சொன்னாரு."

"பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?"

"மூணு தபா மாத்திட்டாருக்கா. ஒரு தபாகூட எனக்கு சொன்னதில்ல."

"மாத்தின அப்பறமும் டேட்டா போச்சா?"

"போயிக்கினுதான் கீது."

சில்வியா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"உன் வேலை இன்னா இன்னா, வரிசையா சொல்லு."

"ஒடம்பு தொடைப்பேன். கஞ்சி ஊட்டுவேன். பன்னெண்டரைக்கு ரெண்டு கைக்கும் தைலம் தேச்சி வுடுவேன். அப்பறம் சோப்பு போட்டு என் கையக் கழுவிட்டு, வூட்டப் பூட்டி, சாவிய பக்கத்து வூட்டு சொக்கம்மாள் கையில குடுத்துட்டு வந்துடுவேன். ஆறு மணிக்கு சார் வந்து வாங்கிப்பாரு."

"அது வரைக்கும் பெரியவரு தனியாவா?"

"தனியாதான். அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றாங்க. பேச்சு இல்ல. ரைட் சைடு அவுட்டு. லெஃப்டுல விரலு மட்டும் அப்பப்போ ஆடும். வலிப்புன்னு சாரு சொன்னாரு."

"எப்போ ஆடும்?"

கௌசர் யோசித்தாள். "சாரு ரூமுக்குள்ள நின்னு பேச சொல்லோ ஆடும்."

"டிவி எந்த ரூமுல?"

"பெரியவரு ரூமுலதான். கூடம் ஸ்டூடியோ ஆயிடிச்சில்ல, ஒரு மாசமா டிவி அங்க."

"ரிமோட்டு?"

"கட்டில்லதான் கெடக்கும். டேபிள்ள ஏது எடம்? பூரா சாரு சால்வ போட்டுக்கினு நிக்கிற போட்டோ."

கௌசர் மறுபடி முந்தானையை எடுத்தாள். "நக திருடினேன்னு சொன்னாகூட, வந்து என் வூட்ட கொட்டிக் கவுத்துப் பாருங்கன்னு சொல்லலாம்க்கா. இத்த எங்க கொட்டிக் காட்றது? திருடின்னு ஒரு தபா பேரு வந்துட்டா, இந்தத் தெருவுல எந்த வூட்டுல என்னை உள்ள வுடுவாங்க?"

சில்வியா அன்று கடையை ஆறு மணிக்கு மூடுவதாக மட்டும் சொன்னாள். அவள் ஏழு வருடத்தில் ஒன்பது மணிக்கு முன் கடையை மூடியதில்லை.

மாலை 6.10.

சொக்கம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு மணிலேந்து ஆறு மணி வரைக்கும் யாராவது உள்ள போனாங்களா?" என்று சில்வியா கேட்டாள்.

"சாவி என் இடுப்புல. எப்டிப் போவான்?"

"உள்ள எதனா சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல. ஒண்ணுக்கொண்ணு ஒட்டின செவுரு. பெரியவரு இருமினாகூட எனக்குக் கேக்கும்."

கதவைத் திறந்த செங்குட்டுவன், கௌசரைப் பார்க்காமல் சில்வியாவை மட்டும் வரவேற்றார்.

"வாருங்கள். உங்கள் தொழில்நுட்பச் சான்று எனக்குத் தேவை. போன மாதம் என் சேனலின் பார்வை நேரம் ஏழு மணி. இந்த மாதம் நூற்று ஒரு மணி. கருத்துக்காகப் பசித்திருந்த ஒரு சமூகம் கண்விழித்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து இந்தக் கயமை."

"நூத்தியொண்ணா? எப்பலேந்து ஏறிச்சி?"

"ஒரு மாதமாக."

"டேட்டா எப்பலேந்து காணாமப் போவுது?"

"அதுவும் ஒரு மாத..." என்றவர், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததால், மேலே பேசிக்கொண்டே போனார்.

பெரியவர் அறை. வேலப்பன் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். முப்பத்து நாலு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம். அன்று டாக்டர் வலது கையைத் தூக்கிப் பார்த்து, 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்றார். செங்குட்டுவன் அதை மொத்த அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். துறைமுகச் செம்மல் பட்டம் அவருக்கு வந்ததும் இந்த அப்பாவால்தான். மற்றபடி துறைமுகத்தை அவர் பீச் ரோடிலிருந்து பார்த்ததோடு சரி.

"இங்கே பாருங்கள்!" என்று செங்குட்டுவன் குரலை உயர்த்தினார். "உயிரைக் கொடுத்துத் தந்தையைப் பேணும் இல்லத்தில் ஒரு களவு..."

போர்வை மேல் வேலப்பனின் இடது ஆள்காட்டி விரல் கீழ்நோக்கித் திரும்பி, மெதுவாக ஆடியது.

"பாருங்கள், வலிப்பு" என்றார் செங்குட்டுவன்.

சில்வியா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு நெட் பாக்ஸின் பக்கத்தைத் தன் போனில் திறந்தாள்.

"இதுல மூணு பேருக்குத்தான் அனுமதி. உங்க போன், உங்க சம்சாரம் மகிழினி போன், இந்த டிவி. நீங்க ரெண்டு பேரும் பகல்ல எங்க?"

"நான் பாரிமுனை ஆபீசில். அவள் மாதவரத்தில், லாரி புக்கிங்கில்."

"ஒவ்வொரு தபா பாஸ்வேர்டு மாத்தினப்பவும் இந்த டிவில புதுசு யாரு போட்டது?"

"நான்தான். போட்டதும் என் சேனல்தான் வரும்படி வைத்திருக்கிறேன். என் முகம் பெரிய திரையில் எப்படி வருகிறதென்று..."

"அப்போ திருடனுக்கு மூணு தபாவும் நீங்களே சாவி குடுத்திருக்கீங்க. டேட்டா இந்த டிவி வழியாத்தான் போயிருக்கு."

செங்குட்டுவன் ஒரு கணம் தடுமாறி, உடனே நிமிர்ந்தார். "சரி. இவள் போகும்போது டிவியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அது தானாக ஓடியிருக்கிறது. குற்றம் குற்றமே."

"தானா ஓடாது சார். இந்த ஆப்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தபா 'இன்னும் பார்க்கிறீர்களா?'ன்னு கேக்கும். ஓகே அழுத்தலன்னா நின்னுடும். அரை ஜிபிக்கு மேல செலவாவாது. உங்களுக்குப் போனது ரெண்டு. ஆளில்லாத வூட்டுல நாலு மணி நேரம் யாரோ பார்த்துக்கினே, ஓகே அழுத்திக்கினே இருந்திருக்காங்க."

சில்வியா கட்டிலிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். வாங்கிய நாளில் வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. உறை மேல் மூன்றே இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பவர் பட்டன் மேல் ஒன்று. நடுவில் ஓகே பட்டன் மேல் ஒன்று. மூலையில் வேறொரு பட்டன் மேல் ஒன்று. முகர்ந்தாள். தைலம்.

"தைலம் தேய்ப்பவள் இவள்தானே!" என்றார் செங்குட்டுவன்.

"இவ சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போறா. கழுவாத கை ஒண்ணு இந்த ரூமுலயே கீது." சில்வியா கட்டிலைக் காட்டினாள். "கிரேன்ல ரெண்டு லீவர் சார். வலது கை சரக்கத் தூக்கும், எறக்கும். இடது கை கிரேனத் திருப்பும். முப்பத்து நாலு வருஷம் திருப்பின கட்டவிரலுக்கு ஒரு பட்டன் பெரிய விஷயமா? நீங்க வலது கையப் பாத்துட்டு மொத்தக் கணக்கையும் மூடிட்டீங்க."

"நைனாவா..." என்றார் செங்குட்டுவன். ஐந்து மாதத்தில் அந்தச் சொல்லை அந்த அறையில் அவர் சொன்னது அப்போதுதான். இதற்கு முன் 'எந்தை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், கேமரா பக்கம்.

கௌசர் கட்டிலருகே போய் வேலப்பனின் இடது கையைப் பிடித்தாள். "நீங்களா பெரியவரே? ஒரு வார்த்த... ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதா?" அவர் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின. அவர் காட்டாமல் இல்லை. யாரும் படிக்கவில்லை.

"இன்னா பாத்தாருன்னு பாக்கலாம்" என்று சில்வியா தன் போனிலிருந்து டிவிக்கு நெட் கொடுத்தாள். பார்த்த வீடியோக்களின் பட்டியல் விரிந்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே முகம். செங்குட்டுவன், செங்குட்டுவன், செங்குட்டுவன். ஃப்ளெக்ஸ் அலமாரி முன்னால், சால்வையோடு, சால்வை இல்லாமல்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வூட்ல இருப்பீங்க. அத்த வுட்டா நாலு வாரத்துல இருபத்து நாலு நாளு. நாளுக்கு நாலு மணி நேரம். தொண்ணூத்தாறு."

நூற்று ஒன்றில் தொண்ணூற்றாறு போனால் மீதி எவ்வளவு என்று செங்குட்டுவன் கேட்கவில்லை.

"ஏன்?" என்றார். மேடைக் குரல் எங்கோ போயிருந்தது. "நான்தான் டெய்லி இந்த ரூமுக்கு வரேனே."

"வந்து எங்க பாப்பீங்க சார்?"

அவர் யோசித்தார். டிவியை. நெட் பாக்ஸின் பச்சை விளக்கை. படம் எடுக்க வந்தால், போனில் அப்பாவும் தானும் சேர்ந்து விழும் கோணத்தை.

"இதுல மட்டுந்தான்" என்று சில்வியா திரையைக் காட்டினாள், "நீங்க நேரா இவரு கண்ணப் பாத்துப் பேசுறீங்க."

சற்று நேரம் கழித்துச் செங்குட்டுவன் வாசலுக்குப் போனார். சொக்கம்மாளும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் ஏதோ நடக்கிறதென்று நின்றிருந்தார்கள். அடைமொழி எதுவும் இல்லாமல் சொன்னார்: "கௌசர் ஒண்ணும் எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். நாளைக்கும் அவதான் வருவா." கௌசர் அறைக்குள்ளிருந்தே அதைக் கேட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனாள். அது அவள் வேலை நேரமல்ல.

6.55.

செங்குட்டுவன் ஒரு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கன்னம் நனைந்திருந்தது. அப்பா விரும்பிப் பார்த்ததை அப்பாவோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வீடியோவை ஓட்டினார். படம் ஓடியது, குரல் வரவில்லை. திரை மூலையில் குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படம்.

"இது வேற கெட்டுப்போச்சா?" என்று ரிமோட்டில் ஒலியை ஏற்றினார்.

"தந்தை என்பவர் யார்!" என்று அறை அதிர்ந்தது.

வேலப்பனின் விரல் கீழ்நோக்கித் திரும்பி ஆடியது.

"வலிப்பு..." என்று செங்குட்டுவன் எழுந்தார்.

"உக்காருங்க சார். அது வலிப்பு இல்ல" என்றாள் சில்வியா. "எங்கப்பாவும் ஹார்பர்தான். இவரு மேல கேபின்ல, எங்கப்பா கீழ நின்னு கை காட்டுவாரு. விரலு மேல பாத்து சுத்தினா தூக்கு. கீழ பாத்து ஆடினா எறக்கு."

செங்குட்டுவன் ஒலியைக் கொஞ்சம் குறைத்தார். விரல் ஆடியது. இன்னும் குறைத்தார். விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வந்தார். திரையில் பூஜ்யம் வந்ததும் விரல்கள் மடங்கி முஷ்டியாயின.

"அது 'போதும், நிறுத்து'" என்றாள் சில்வியா, தன் பையை எடுத்துக்கொண்டு.

திரையில் செங்குட்டுவன் வாயைத் திறந்து திறந்து மூடினார். வேலப்பன் கண் சிமிட்டாமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவரும் கொஞ்ச நேரம் திரையைத்தான் பார்த்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டு, நாற்காலியை அப்பாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த மாதம் சேனலின் பார்வை நேரம் நூற்று ஒரு மணி. அதில் தொண்ணூற்றாறு மணி நேரம் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கப்பட்டது.