விழாத சுவிட்ச்

இடி இடித்தது, சுவிட்ச் விழவில்லை.

சந்திரமதிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. லாயாங் லாயாங் ஊரில் பலத்த இடி இடித்தால் வாசலுக்கு மேலிருக்கும் மின்பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் 'டப்'பென்று விழும். நாற்காலியில் ஏறித் தூக்கிவிடுவது அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பழகிய வேலை. இன்று ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. மதியம் மாட்டிய புதுப்பெட்டி மட்டும் கம்மென்று இருந்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் கமலநாதனுக்கு சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு. ஆனால் வீட்டில் எதை மாட்டுவது என்ற அதிகாரம் மட்டும் அவனுக்கு. இருவரும் வெளியூர் போயிருந்தபோது இரண்டு தடவை சுவிட்ச் விழுந்து, மெர்சிங்கில் ஆசையாக வாங்கிய மீனெல்லாம் ஐஸ் பெட்டியிலேயே நாறிப்போனது. அதிலிருந்து அந்த சுவிட்சோடு அவனுக்குப் பகை.

காலையில்கூடத் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"தர முத்திரை உள்ள பெட்டியா வாங்கி, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வச்சு மாட்டலாங்க. கரண்டு கசிஞ்சா விழணும். எங்க ஃபேக்டரியில அதைத்தான சொல்லித் தர்றாங்க? அது விழலைன்னா நம்மதான் விழணும்!"

"அலமாக், பெரிய இன்ஜினியர் இவ! ஆன்லைன்ல எத்தனை பேர் ஸ்டார் போட்டிருக்காங்க, பாரு. இடிக்கு விழாத பெட்டி. அதான் நல்ல பெட்டி லா."

அவனே மாட்டினான். இப்போது குளியலறையில் ஹீட்டரைப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தான்.

வெளியே செம்பனைத் தோட்டத்தின் மேல் மழை சோவென்று கொட்ட, சாயங்காலமே இருட்டிவிட்ட கூடத்தில், புது பிளாஸ்டிக் சூடேறிய வாடையும் அதனடியில் மயிர் கருகியது போல இன்னொரு வாடையும் மெல்லப் பரவ, பெட்டிக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு ஏறினாள். ட்ரிப் சுவிட்சுக்குப் பக்கத்தில் சோதிக்கும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும்.

அழுத்தினாள். விழவில்லை.

மறுபடி அழுத்தினாள். நகம் வலிக்க அழுத்தினாள். உள்ளே ஒன்றுமே இல்லை, பொம்மைப் பொத்தான். படுபாவிகள், பொம்மையை விற்றிருக்கிறார்கள். இந்த மனுஷன் அதை இளித்துக்கொண்டே வாங்கி வந்திருக்கிறான்.

"என்னங்க! ஹீட்டரை அடைங்க! வெளிய வாங்க!"

"ம்ம்" என்றான்.

"காது கேக்குதா இல்லையா?"

"ம்ம்ம்ம்ம்ம்."

அந்த 'ம்' முடியவில்லை. மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. பெட்டியின் ரீங்காரமும் அவன் குரலும் ஒரே சுருதியில் இருந்தன.

இரண்டு கையாலும் மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள். விளக்கு போனது. விசிறி தள்ளாடி நின்றது. ஐஸ் பெட்டி அடங்கியது.

ரீங்காரம் அடங்கவில்லை.

குளியலறைக் கதவின் அடியில் வெளிச்சம்.

எப்படி? மெயின் கீழேதானே இருக்கிறது. தொட்டுப் பார்த்தாள். கீழேதான்.

ஓடினாள். கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

நீராவி. கருகிய வாடை. குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

கூரையில் பல்பு அணைந்திருந்தது. ஹீட்டரிலும் விளக்கில்லை. கமலநாதன் ஷவர் பிடியை இறுகப் பற்றியபடி நின்றான். வெளிச்சம் அவன் வாயிலிருந்து வந்தது. பல்லிடுக்கில். மூக்கில். திறந்த கண்ணுக்குப் பின்னால்.

"விடுங்க... ஐயோ, கையை விடுங்க!"

"ம்ம்ம்ம்ம்ம்."

அவள் முதுகுக்குப் பின்னால் கூடத்து விளக்கு எரிந்தது. ஐஸ் பெட்டி உறுமியது. வீடு முழுக்க ஒவ்வொன்றாக உயிர் வந்தது.

கமலநாதனின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. பிடியை விடாமல், மற்ற கையை அவளை நோக்கி நீட்டினான். ஈரக் கை. தண்ணீர் வாசற்படியைத் தாண்டி வந்து அவளுடைய வெறுங்காலைச் சுற்றி நின்றது.