பதினொரு மூச்சு

நாற்காலி நிமிடத்துக்குப் பதினெட்டு முறை மூச்சு விடுகிறது என்று திரை சொன்னது.

அவள் முதலில் சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத சோதனைக் கூடம், ஈயம் உருகிய வாசனை இன்னும் போகாத மேசை, எங்கோ மேலே ஏ.சி. குழாய் விட்டுவிட்டுக் கனைக்கிற சத்தம். இதற்கு நடுவில் தன் மார்பிலிருந்து கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிய பெல்ட் மூச்சைக் காட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பெல்ட்டின் கம்பியைப் பிடுங்கினாள். பதினெட்டு. ஒரு நிமிடம் பார்த்தாள். பதினேழாகவில்லை, பத்தொன்பதாகவில்லை. கழற்றுவதற்கு முன் அவளே விட்ட மூச்சின் கணக்கு அது. சிரிப்பு நின்றுவிட்டது.

நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவி அது. பெல்ட்டோடு இணைந்த துணைச் சிப் ஒன்று மூச்சை எண்ணும். மூச்சு நின்றால் கருவி அலறும், தானே மூக்குக் குழாய் வழியே காற்றைத் தள்ளும். நிற்காதவரை பச்சை விளக்கோடு சும்மா இருக்கும். சிப்புக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே தூது போகிற டிரைவர் மென்பொருளை எழுதியவள் அவள்தான். சிப் தன் நிலையைப் பிட் எனும் இரண்டு ஆம்-இல்லைக் குறிகளில் சொல்லும். ஒன்று, ‘மூச்சு வந்தது.’ மற்றது, ‘இது பழைய கணக்கு, நம்பாதே.’

இரண்டாவது பிட் சரியான தொணதொணப்பு. நோயாளி புரண்டு படுத்தாலும் எழும்பும், கருவி ஊரைக் கூட்டும். எட்டு மாதத்துக்கு முன் மேலாளர் அவள் மேசைக்கே வந்து நின்றார். ‘அவசரம்’ என்பதுதான் அலுவலகத்தில் அவருக்குப் பெயர்.

“வாங்கினவங்க வீட்டுல யாரும் தூங்க முடியலையாம். வாயை அடைச்சு விடும்மா.”

“நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் சார் ஆகணும்.”

“நாளைக்கு அனுப்பணும். பழமொழியெல்லாம் அப்புறம் பேசலாம்.”

அந்தப் பிட்டைக் கண்டுகொள்ளாதே என்று ஒரே ஒரு வரி எழுதினாள். பக்கத்தில் ‘பிறகு பார்க்கணும்’ என்று குறிப்பும் போட்டாள். பிறகு யார் பார்த்தார்கள்? அவசரத்துக்குப் பதவி உயர்வு வந்தது. அவளுக்குக் கைதட்டல் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்குக் கிடைத்த கைதட்டல். மூச்சு நின்றாலும் கருவி இனி பழைய கணக்கையே நம்பும்.

அதோடு விட்டாளா? அந்தக் கருவியில் ஒன்றைப் பெருமையாக வீட்டுக்கே கொண்டுபோய் அம்மாவின் கட்டிலருகில் வைத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒவ்வொரு கருவியும் நிமிடத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்பும். அம்மாவின் கணக்கைத் திறந்தாள். காலை பத்து மணிக்குப் பதினேழு, பதினைந்து, பத்தொன்பது. பிறகு பன்னிரண்டு. பதினொன்றே கால் மணிக்குப் பதினொன்று. அடுத்த நிமிடமும் பதினொன்று. அதற்கடுத்த நிமிடமும். திரையை இழுத்துக்கொண்டே போனாள். மூன்று மணி வரைக்கும் பதினொன்று.

வீட்டில் அம்மாவோடு இருந்த அக்காவை ஃபோனில் கூப்பிட்டாள்.

“அம்மா என்னக்கா பண்றாங்க?”

“தூங்குறாங்க. காலையிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. பச்சை லைட் எரியுது. உன் மெஷின் தங்கம்டி.”

“நெஞ்சைப் பாருக்கா. ஏறி இறங்குதா?”

மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் வளையல் எதிலோ இடித்தது.

“ஏறி இறங்குதே. ஏன்டி?”

உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது அவளுக்கு.

“கையைத் தொட்டுப் பாரு.”

“சில்லுனு இருக்கு. ஃபேனை வேகமா வெச்சிருக்கேன்ல.”

“எழுப்பு. இப்பவே எழுப்புக்கா.”

“அட போடி. மூணு நாளா கண்ணு மூடாத மனுஷி, இன்னிக்குத்தான் அசந்து தூங்குறாங்க. நல்லா மூச்சு விடுறவங்களை எதுக்கு எழுப்பணும்?”

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவள் ஓடினாள். வழி முழுக்க ஒரே கேள்விதான். மூச்சு இருந்தால் பதினாறு, பதின்மூன்று என்று மாறியிருக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் அக்கா பார்த்தது என்ன?

ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டில் வெளிச்சம் திரைச்சீலையில் மங்கலாகத் தங்கியிருந்தது. மருந்து வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை, மூடியே வைத்த பெட்டியைத் திறந்ததுபோல. பச்சை விளக்கு. அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது.

“பாத்தியா? வீணா என்னைக் கதிகலங்க வெச்சுட்ட,” என்றாள் அக்கா.

அவள் கருவியை அணைத்தாள். விளக்கு போனது.

நெஞ்சு ஏறியது.

பெல்ட்டை அவிழ்த்தாள். கம்பியையும் மூக்குக் குழாயையும் உருவினாள். எல்லாவற்றையும் தரையில் போட்டாள்.

இறங்கியது.

மூக்கருகில் உள்ளங்கையை வைத்தாள். காற்று இல்லை. நெஞ்சு ஏறியபோதும் இல்லை. இறங்கியபோதும் இல்லை. கழுத்தைத் தொட்டாள். துடிப்பு இல்லை. தாடை கல்லாக இறுகியிருந்தது.

எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு சுற்று வந்தது.

பதினொன்று.

“அக்கா.” “அக்கா, அம்மா போயிட்டாங்க.”

“வாயைக் கழுவு! கண்ணு தெரியலையா உனக்கு? ஏறி இறங்குது பாரு.” அக்கா கோபமாகக் குனிந்து போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். “அரைக்கண்ணுல தூங்குறது அம்மாவுக்கு எப்பவும் வழக்கம்தானே.”

அந்த அரைக்கண்ணில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. விழியின் மேல் நிதானமாக நடந்தது. இமை அசையவில்லை.

போர்வை ஏறியது. அதே உயரம். இறங்கியது.